இஞ்சின் பள்ளத்தில் வைக்க ஒரு கல்

கல்யாண மாப்பிள்ளைக்கு, உன் அம்மா எழுதுவது.

முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு சோளிங்கருக்கு நிவேதா வீட்டுக்குப் போன அன்று காலையிலேயே போன் போட்டு என்னை எச்சரித்தாய். "அம்மா, சம்பந்தி வீட்ல போய் அந்த ஏரோப்ளேன் கதைய மட்டும் ஆரம்பிக்காத, ப்ளீஸ்." நானும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தேன். காபி குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை, வேண்டுமானால் அப்பாவைக் கேள். உன் மாமியார்தான் புடவையை மடித்துக்கொண்டே, "அப்புறம் சம்பந்தி, அந்த பைலட் இன்னா ஆனாரு?" என்று கேட்டார். கேட்ட பிறகும் பேசாமல் உட்கார்ந்திருக்க நான் என்ன பொம்மையா? முழுக்கதையும் சொன்னேன். முடிக்கும்போது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் மாமனார் இரண்டாவது காபி கொண்டுவரச் சொன்னார். ஆகவே நம் குடும்ப மானம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.

ஆனால் திரும்பி வரும் வழியில் ஒன்று உறைத்தது. சம்பந்தி வீட்டுக்கு முழுசாகத் தெரிந்த கதை, என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் சொன்னபோதெல்லாம் உன் காதில் இயர்போன் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு நீயும் நிவேதாவும் வியட்நாம் போகிறீர்கள். புது நாடு, புது ஷூ கம்பெனி. அதற்குள் உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்காது. வீடு முழுக்கத் தேங்காயும் வாழைத்தாரும் சொந்தக்காரர்களுமாகக் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சின்ன வயதில் யாராவது கேட்டால், "எங்கம்மா தொலைஞ்சுபோனத தேடுவாங்க" என்று சொல்வாய். பெருமையாகத்தான் இருக்கும். ஆம்பூரிலிருந்து கிளம்புகிற பெட்டிகள் போகவேண்டிய கடைக்குப் போய்ச் சேரும்வரை அவற்றின் காகிதங்கள் என் மேசையில் இருக்கும். ஏதாவது ஒரு பெட்டி வழியில் காணாமல் போனால் எல்லோரும் அந்தப் பெட்டியைத் தேடுவார்கள். நான் தேடமாட்டேன். அதோடு கூடப் போன பெட்டிகளை விசாரிப்பேன். ஒருமுறை அப்படித்தான், துறைமுகத்தையே புரட்டிப் போட்டார்கள், பெட்டி இல்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் எப்படி இருக்கின்றன என்று நான் கேட்டேன். அட்டை ஈரமாகிக் காய்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். உடனே லாரி டிரைவருக்குப் போன் போட்டேன். ராணிப்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டதும் ஒரு ஷெட்டில் இறக்கி ஆறவைத்தோம் என்றார். பெட்டி அந்த ஷெட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நீ காலேஜ் படிக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஏலகிரிக்கு ஓடினாயே, அன்றும் இதே வித்தைதான். அப்பா உன் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு உன்னைக் கேட்டார். நான் இம்ரானின் அம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க பையன் எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டேன். உன் தோஸ்த் பாவம், அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். நீங்கள் மலை மேல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோதே எனக்கு விஷயம் தெரியும்.

ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் தொலைவதற்கு அப்பாவின் கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை. நீ வாங்கிக்கொடுத்த லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடப்போக, போரில் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் எழுதுகிற ஓர் இணையப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கேதான் எலன் என்ற ஒரு வயதான அம்மா எழுதியிருந்தார். இங்கிலாந்தில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அவர் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய அப்பா மதராஸ் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். போய்ச் சேரவில்லை. காணவில்லை, கடலில் விழுந்திருக்கலாம் என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் யாரும் சொல்லவில்லை. "எனக்கு வயதாகிவிட்டது. அவர் எப்படிப் போனார், யார் தவறு என்றெல்லாம் கேட்கவில்லை. இடம் தெரிந்தால் போதும்" என்று எழுதியிருந்தார்.

இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மதராசிலிருந்து பெங்களூருக்கு ஆகாயத்தில் போனால் நம் வீட்டு மொட்டைமாடியைத் தாண்டித்தானே போகவேண்டும்! நான் தேடிப் பார்க்கிறேன் என்று உடனே பதில் எழுதிவிட்டேன். எழுதி அனுப்பிய பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். "இன்னாடி, கார்ட்டன் தேடுனது போதாதுன்னு இப்ப ஏரோப்ளேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அம்மா, இதெல்லாம் பேஜாரு, விட்டுடு" என்றாய். விடுகிற ஆள் பெற்ற பிள்ளை மாதிரிதான் பேசினாய்.

பழைய ராணுவ விமானங்களின் ஆவணங்கள் வெளிநாட்டுக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். விமானம் எங்கிருந்து கிளம்பியது, யார் ஓட்டியது, இஞ்சினின் எண் என்ன, திரும்பியதா இல்லையா என்று எல்லாம் இருக்கும். எல்லாமே யாரோ அவசரத்தில் கிறுக்கிய கோழிக்கிறுக்கல். எனக்கு அது பழக்கம்தான், நம் குடோன் ஆட்களின் கையெழுத்தைவிட மோசமாக உலகத்தில் யாரும் எழுதிவிட முடியாது. எலன் அம்மாவின் அப்பாவைப் பற்றிய பக்கத்தில் இரண்டே வரி. காணவில்லை. கடலாக இருக்கலாம். அதனால் என் வழக்கப்படி, அன்று அவரோடு கூடப் போனது யார் என்று கேட்டேன். இன்னொரு விமானமும் சேர்ந்துதான் கிளம்பியிருக்கிறது, அது திரும்பியும் வந்திருக்கிறது. காணாமல் போனவருக்கான கோப்பை எத்தனையோ பேர் புரட்டியிருப்பார்கள், திரும்பி வந்தவரின் கோப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? அதில்தான் அந்த விமானி சொன்னது இருந்தது. பெங்களூர் நோக்கிப் போகும்போது மேகம் சூழ்ந்துகொண்டது, கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, மேகம் விலகிய இடைவெளியில் கீழே மணல் தெரிந்தது, மணலை ஒட்டி வெள்ளைச் சதுரங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, அப்போது நண்பரின் விமானம் புகையோடு இடது பக்கம் திரும்பி மேகத்துக்குள் போனது, பிறகு காணவில்லை. இதற்குப் பக்கத்திலேயே ஓரத்தில், பென்சிலால், ஆபீசில் இருந்த எவரோ எழுதிவைத்திருந்தார்: "உப்பளம். கடற்கரை."

நான் குதித்தேன். உப்பளம் என்றால் மரக்காணம்! அப்பாவையும், நம் சலீம் பாயையும் கிளப்பினேன். சலீம் பாய் தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், எங்கே கூப்பிட்டாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், உனக்குத் தெரியாததா. மூன்று பேரும் மரக்காணத்துக்கு எத்தனை தடவை போனோம் என்று கேட்காதே. உப்பு வாருகிறவர்களைக் கேட்டோம், மீனவர்களைக் கேட்டோம். ஒன்றும் கிடைக்கவில்லை, வறுத்த மீன் மட்டும் நன்றாகக் கிடைத்தது. அப்பாவுக்குத் தேடலில் திடீரென்று அக்கறை வந்ததற்கு அந்த மீன்தான் காரணம். எலன் அம்மாவுக்கு நான் மாதாமாதம் எழுதினேன், இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று. இடையில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மகன் எழுதினார். அந்த அம்மா போவதற்குள் ஒரு பதில் சொல்லிவிட வேண்டுமே என்ற பயம் அதற்குப்பிறகு என்னை விடவே இல்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், நீதான் அன்று வெட்கத்தில் சோபாவுக்குள் புதைந்துபோனாயே. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற வீடியோ என்று சொல்லி, உன்னையும் நிவேதாவையும் பாலாற்று மணலில் கைகோத்து நடக்கவிட்டு, மேலே டிரோன் பறக்கவிட்டு எடுத்தார்கள். சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது டிவியில் போட்டாய். எல்லோரும் "இன்னா சூப்பரா கீறாங்க" என்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரோன் மேலே போகப் போக நீங்கள் இரண்டு பேரும் புள்ளியாகிவிட்டீர்கள். மணல் பெரிதாகிக்கொண்டே போனது. படத்தின் மூலையில், கரை ஓரத்தில், வெள்ளைச் சதுரங்கள். வரிசை வரிசையாக.

"நிறுத்து! நிறுத்து! பின்னால போ!" என்று நான் கத்தியதில் உன் மாமியார் கையிலிருந்த மிக்சர் கொட்டியது. யாருக்கோ மாரடைப்பு என்று நினைத்து அப்பா தண்ணீர் கொண்டுவர ஓடினார். நீ, "இன்னாம்மா, மானத்த வாங்குற" என்று பல்லைக் கடித்தாய். நிவேதா மட்டும்தான் ரிமோட்டை எடுத்து, "எங்க நிறுத்தணும் அத்தை?" என்று கேட்டாள். சொல்லப்போனால் அந்த நிமிடத்தில்தான் அவள் எனக்கு மருமகள் ஆனாள். தாலியெல்லாம் ஊருக்காக.

அது காயவைத்த தோல், கண்ணா. பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற தோல். தரையில் நின்று பார்த்தே பழகியதால் மேலிருந்து எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. சலீம் பாய்க்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, அந்த விமானி சொன்னதை மறுபடி படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "எங்க அத்தா காலத்துல ஆத்தோரம் பூராவும் தோலுதான்மா காயும். ஆவாரம்பட்டையில பதம் பண்ண ஆட்டுத்தோலு, வெயில்ல வெள்ளை வெளேர்னு மின்னும். அத்தப் போய் உப்பளம்னு நெனச்சு, நாம மரக்காணத்துல மீன் துன்னுட்டு வந்தோமே!" மணல் தெரிந்தது என்று மட்டும்தான் அந்த விமானி சொல்லியிருக்கிறார், கடல் என்ற பேச்சே இல்லை. பாலாறு என்று பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓரத்தில் யாரோ ஒருத்தர் எழுதிய ஒரு வார்த்தையை அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். காலமெல்லாம் ஆபீசில் காகிதம் பார்த்த நானும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அந்த வார்த்தை ஒரு மனுஷரைக் கடலில் தள்ளிவிட்டது.

இங்கே உனக்கு ஒரு புத்திமதி சொல்லியே ஆகவேண்டும், அம்மா என்றால் அதற்குத்தானே. கல்யாணத்துக்குப் பிறகு உன் பெண்டாட்டி சொன்னதற்குப் பக்கத்தில், ஓரத்தில் நின்றுகொண்டு அர்த்தம் எழுதித்தர ஊரே வரும். அவள் அதைத்தான் சொன்னாள், இதை நினைத்துத்தான் செய்தாள் என்று பென்சிலும் கையுமாக வருவார்கள். அதைப் படிக்காதே. அவள் என்ன சொன்னாளோ அதைப் படி. புரியாவிட்டால் அவளையே கேள். ஓரத்தில் எழுதுவது நானாகவே இருந்தாலும் இதே சட்டம்தான். கோபத்தில் நானும் எழுதக்கூடிய ஆள்தான், என்னை எனக்குத் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். பெங்களூர் நோக்கிப் பறக்கிறவர் பாலாற்றின் மேல் இடது பக்கம் திரும்பினால் எதிரே ஜவ்வாது மலை. சலீம் பாயின் மச்சான் காரை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மலையேறினோம். ஊர் ஊராக நிறுத்தி, பழைய காலத்தில் ஏரோப்ளேன் ஏதாவது விழுந்ததா என்று கேட்டோம். நாலைந்து ஊரில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு ஓர் ஊரில், புளியமரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"இஞ்சின் பள்ளத்தக் கேக்குறீங்களா? தோ, அந்தாண்ட எறக்கத்துல."

"எண்பது வருசமா தேடுறாங்கம்மா அத!" என்றேன்.

"இங்க யாரும் வந்து கேக்கலியே" என்றாள் அவள்.

கூட வந்து காட்டினாள். கொடி படர்ந்து, பாதி மண்ணுக்குள், துருப்பிடித்த இஞ்சின். அதன் மேல் ஓர் ஆட்டுக்குட்டி ஏறி நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நாவல் மரம். மரத்தடியில் இடுப்பளவு உயரத்துக்குக் கற்குவியல். அது என்ன என்று கேட்டேன். "எங்க பாட்டன் காலத்துல விழுந்துச்சாம். ஆளு உசுரோட இல்ல. யாரு பெத்த புள்ளையோன்னு இங்கயே பொதச்சாங்க. அப்பலேர்ந்து இந்தப் பக்கம் போறவங்க ஆளுக்கொரு கல்லு வெச்சுட்டுப் போவோம்." எதற்காக என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தாள். "தனியா கெடக்குறார்ல?" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். எலன் அம்மாவின் அப்பா ஒரு நாளும் தனியாகக் கிடக்கவில்லை. விறகுக்குப் போனவர்கள், ஆடு மேய்த்தவர்கள், சந்தைக்குப் போனவர்கள் எல்லோரும் நின்று ஒரு கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சலீம் பாய் ஒரு கல் வைத்துக் கையேந்தி துவா செய்தார். இத்தனை நாளும் கிண்டல் செய்த உன் அப்பா, நாம் வைக்கிற கல் கம்மியாக இருக்கக்கூடாது என்று பெரிய பாறையாகப் பார்த்துத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பந்தக்கால் நடும்போது அப்பா ஏன் வளைந்து நின்றார் என்று கேட்டாயே, அதுதான் காரணம்.

இஞ்சினில் எண் பொறித்த தகடு இருந்தது. படமெடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பினேன். அதே எண்தான் என்று பதில் வந்தது. முறைப்படி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். கற்களை யாரும் கலைக்கவில்லை. கலைக்க வேண்டாம் என்று எலன் அம்மாவே சொல்லிவிட்டார்.

அவரிடம் சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வீடியோவில் கூப்பிட்டேன். பேசவேண்டிய இங்கிலீஷையெல்லாம் காலையிலிருந்து சமையலறையில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "கிடைச்சுட்டார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. பிறகு, "அங்கே என்ன மரம் இருக்கிறது?" என்று கேட்டார். நாவல் மரம், பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும் என்று சொல்லி நாக்கை நீட்டிக் காட்டினேன். சிரித்தார். அடுத்து அவர் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. "நான் பிறந்ததிலிருந்து அவரைத் தண்ணீருக்குள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் காய்ந்த இடத்திலா இருக்கிறார்?" ஆமாம், நல்ல காய்ந்த இடம், எங்கள் பக்கம் மழை கம்மி, வெயில்தான் ஜாஸ்தி என்றேன். "வெயிலா!" என்று சொல்லிக் கைதட்டினார்.

கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் அந்த அம்மா வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடலில் கால் நனைத்ததில்லையாம். அவர் மகன் சொல்லித்தான் தெரியும். அடுத்த வாரம் அந்தப் பையன் ஒரு படம் அனுப்பினான். எலன் அம்மா காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கணுக்கால் அளவு கடலில் நிற்கிறார். குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, சின்னப் பெண்ணாட்டம் சிரிக்கிறார். அந்தப் படத்தைத்தான் ஹாலில் மாட்டி வைத்திருக்கிறேன். இது யார் என்று உன் பெரியப்பா கேட்டதற்கு, சொந்தக்காரங்கதான் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உன் வேலை. நேற்று கூரியரில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் கல்யாண வாழ்த்து, கூடவே ஒரு கல். அன்று கடலில் நின்றபோது காலடியில் கிடந்த கூழாங்கல்லாம், சாம்பல் நிறம், கோழி முட்டையில் பாதி அளவு. தன்னால் மலை ஏற முடியாது, தன் பங்குக்கு ஒரு கல்லை மணமக்கள் வைப்பார்களா என்று கேட்டிருக்கிறார். மறுவீட்டு விருந்து முடிந்ததும் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு இஞ்சின் பள்ளத்துக்குப் போ. வழி அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவரைக் கல் தூக்கவிடாதே. எலன் அம்மாவின் கல்லை வை. நீங்களும் ஆளுக்கொன்று வையுங்கள். அங்கே நின்று அவருக்கு வீடியோவில் காட்டுங்கள், மேலே ஏறினால் சிக்னல் கிடைக்கிறது.

அப்புறம் நீங்கள் பறந்து போங்கள். எனக்கு அழுகையே வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய், ஆனால் சந்தோஷம்தான் ஜாஸ்தி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சென்னையிலிருந்து வரும்போது, இன்னும் பூந்தமல்லிகூடத் தாண்டாமல் "வேலூர் வந்துட்டேன்மா" என்று அளப்பாயே, அந்த வேலையை வியட்நாமில் வைத்துக்கொள்ளாதே. மழையில் மாட்டிக்கொண்டால் மழை என்று சொல். வழி தவறினால் தவறிவிட்டேன் என்று சொல். எப்போது வருவாய், ஏன் வரவில்லை என்றெல்லாம் துளைக்கமாட்டேன். துளைப்பேன், அது வேறு விஷயம். ஆனால் எலன் அம்மா கேட்டதற்கு மேல் எனக்கும் ஒன்றும் வேண்டாம், கண்ணா. நீ இருக்கிற இடம் தெரிந்தால் போதும்.

உன் அம்மா